ஆறு வாரத்துக்கு ஒரு ரயில்

மாதக்கணக்கில் தாமதித்த பிறகு, 2011 மார்ச் 22 அன்று மோஸில்லா தன் ஃபயர்பாக்ஸ் 4 பிரவுசரை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர் பிரிவுகள் வழக்கம்போல் சோதனையில் இறங்கின. உள் அலுவலகப் பக்கங்கள் திறக்கின்றனவா, சம்பளப் பட்டியல் ஒழுங்காக அச்சாகிறதா என்று பார்த்து முடிக்கவே மாதங்கள் பிடிக்கும். அதற்குள், ஜூன் 21 அன்று, ஃபயர்பாக்ஸ் 5 வந்து நின்றது. நான்காம் பதிப்புக்கு இனி பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்ற சேதியுடன்.

ஏன் இந்த அவசரம்? முக்கியக் காரணம் போட்டி. கூகுளின் குரோம் 2010லேயே ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று மாறியிருந்தது. மோஸில்லாவின் பழைய முறையிலோ எல்லா வசதிகளும் தயாரானால்தான் வெளியீடு. வராத தாய்மாமனுக்காக மொத்தப் பந்தியும் காத்திருக்கும் கதை. புதிய முறைக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் 'ரயில்'. குறித்த தேதியில் கிளம்பிவிடும். தவறவிட்ட வசதி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளும்.

இதில் நியாயம் இருக்கிறது. அடுத்த வெளியீடு ஒரு வருடம் கழித்துத்தான் என்றால் புரோகிராமர் அரைவேக்காட்டையும் திணித்துவிடப் பார்ப்பார். ஆறே வாரம் என்றால் நிதானமாக இருப்பார். மாற்றங்கள் கொஞ்சமாக இருந்தால், எது கெடுத்தது என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

ஆனால் இவை தயாரிப்பவரின் லாபங்கள். சோதிக்கும் சுமை வாங்குபவர் தலையில். பிரவுசரோடு இணைத்துக்கொள்ளும் துணை புரோகிராம்கள் பல ஒவ்வொரு பதிப்பிலும் முரண்டுபிடித்தன. அலுவலகங்கள் கொதித்தன. மோஸில்லா இறங்கிவந்து, 2012 ஜனவரியில் அவர்களுக்கென்று தனிப் பதிப்பு கொண்டுவந்தது: சுமார் ஒரு வருடத்துக்குப் புதுமை எதுவும் இல்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஒரே சாஃப்ட்வேருக்கு இரண்டு காலண்டர்கள். 2021இல் நான்கு வாரத்துக்கு இறங்கிய குரோமும் அலுவலகங்களுக்கு எட்டு வாரக் கெடு கொடுத்தது.

அலுவலகங்கள் கேட்பது தாமதத்தை அல்ல, முன்கூட்டியே தெரிந்த தேதியை. மைக்ரோசாஃப்ட் இதை 2003லேயே புரிந்துகொண்டது. அந்த அக்டோபர் முதல் அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வருகின்றன. திங்களன்று வாரயிறுதிக் குப்பையைத் தள்ளிவிட்டு, மீதி வாரத்தில் சோதித்துக்கொள்ளலாம். வெளியாகும் நேரம் அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி. இந்தியாவில் அப்போது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. நம் கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கு அது எப்போதும் புதன்கிழமை வேலைதான்.