எண்ணெயும் மேனி நலமும்

மார்கழி, தை மாதங்களில் தோல் வறண்டு வெடிப்பதையும், தலைமயிர் முரடாவதையும் நாம் யாவரும் அறிவோம். இதற்கென விலையுயர்ந்த பூச்சுகள் தியாகராய நகர்க் கடைகளில் குவிந்துள்ளன. ஆயினும், நம் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயுமே பெரும்பாலோர்க்குப் போதும்.

எண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதில்லை. தோலில் உள்ள நீர் ஆவியாகாமல் காக்கிறது. ஆகவே, குளித்தபின் ஈரம் முற்றும் உலருமுன் சில துளிகளை மெல்லப் பூசுதல் வேண்டும். சீயக்காயை அளவுக்கு மேல் தேய்த்தால் தோலின் இயற்கை நெய்ப்பும் போய்விடும். தேங்காயெண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் மயிரிழையினுள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது. ஆதலின் தலைக்குக் குளிக்குமுன் அதைத் தடவுதல் நன்று.

அடையாற்றை அடுத்த திருவான்மியூரில் உள்ள ‘இம்காப்ஸ்’, நாட்டு வைத்தியர்கள் கூடி 1944-ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுறவு நிலையமாகும். அது மூலிகைத் தைலங்களைச் செய்து வருகிறது. எள்ளும் தென்னையும் விளையும் நம் ஊர்களிலும் இத்தகைய கூட்டுறவு தழைத்தல் வேண்டும்.

ஒன்றை மறவாதிருப்போமாக. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயின் அறிகுறியாகலாம். வீட்டார் பலருக்கும் இரவில் நமைச்சல் எடுப்பது சொறியாகலாம். இவை எண்ணெயால் தீரா. காலந் தாழ்த்தாது ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுவதே அறிவுடைமை.