பிரித்தலும் சேர்த்தலும்

நுழையும்முன்

பழுதான பொருளை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது எளிது. அதன் உள்ளமைப்பை அறிந்து சீர்செய்வதற்குப் பொறுமையும் அறிவும் வேண்டும். பழைய ஊர்தியின் இருக்கையைப் புதுப்பிக்கும் கைத்தொழிலில் பொதிந்துள்ள நுட்பங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

மூவர் அமரும் இருக்கை

இன்றைய மகிழுந்துகளின் முன்பகுதியில் ஓட்டுநருக்கும் உடன் வருபவருக்கும் தனித்தனி இருக்கைகள் உள்ளன. பழைய பிக்அப் சரக்குந்துகளில் ஒரு கதவிலிருந்து மறுகதவுவரை நீண்ட ஒரே இருக்கை இருந்தது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் மகிழுந்தின் பழைய வகைகளிலும் இந்நீள் இருக்கையைக் காணலாம். கியர் மாற்றும் கோல் தரையில் இல்லாமல் ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் அமைந்திருந்தமையால், முன்வரிசையில் மூவர் அமர இடம் கிடைத்தது. அம்பாசிடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றது. எனினும், அதனைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உள்ளனர். இருக்கை நைந்துபோனால் அவர்கள் நாடுவது குஷன் கடையையே.

இருக்கையின் உள்ளமைப்பு

வெளியே தெரிவது மேலுறை மட்டுமே. அதனுள் நான்கு அடுக்குகள் உள்ளன. அடியில் இரும்புச் சட்டம்; அதன்மேல் எஃகுச் சுருள்விற்கள்; அவற்றின்மேல் சணல் சாக்கு; அதற்கும் மேல் தென்னைநாராலோ நுரைப்பஞ்சாலோ ஆன மெத்தை. சட்டம் இருக்கையின் வடிவத்தைத் தாங்குகிறது. சுருள்விற்கள் சாலையின் அதிர்வை ஏற்கின்றன. மெத்தை உடலின் எடையைப் பரப்புகிறது. இவற்றுள் மிக மலிவானது சாக்கு. ஆயினும், அஃது இல்லையெனில் மெத்தை விற்களின் இடைவெளிக்குள் இறங்கிவிடும். கம்பிகள் மெத்தையை அரம்போல் அராவிவிடும்.

கிழிசலும் காரணமும்

நீள் இருக்கை எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. நாள்தோறும் பயன்படும் ஓட்டுநர் பக்கமே முதலில் தாழும். அவர் ஏறி இறங்கும்போது உராயும் கதவோர விளிம்பில் மேலுறை கிழியும். ஊர்தியின் உரிமையாளருக்குக் கிழிசல்தான் கண்ணில் படும். ஆதலால், “உறையை மட்டும் மாற்றினால் போதும்” என்பார். தாழ்ந்த விற்களின்மேல் புதிய உறையைப் போர்த்தினால் இருக்கை சில நாள்களுக்கு அழகாகத் தோன்றும். ஆனால், அதன் சாய்வு மாறாது. அச்சாய்வில் நாள்முழுதும் அமரும் ஓட்டுநரின் முதுகும் இடுப்பும் நோகும். உள்ளே முறிந்து நிற்கும் கம்பி புதிய உறையையும் கிழிக்கும். எனவே, கிழிசலைக் கண்டவுடன் அதன் காரணத்தைத் தேடுவதே நல்ல தொழிலாளியின் முதற்பணியாகும்.

பிரித்தல்

தேர்ந்த தொழிலாளி பழைய உறையைக் கிழித்தெடுப்பதில்லை. உறையைச் சட்டத்தோடு பிணைக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி நீக்குகிறார். தையலைப் பிரிக்குமுன், இணைந்துள்ள இரு துண்டுகளின் குறுக்கே சாக்குக்கட்டியால் கோடிடுகிறார். முன், பின், இடம், வலம் என ஒவ்வொன்றிலும் குறிக்கிறார். பிரிந்த துண்டுகளே புதிய உறைக்கான அளவுப்படிகள். பல்லாண்டுகள் இழுபட்டு நீண்ட துண்டை அப்படியே படியெடுத்தால் புதிய உறை தொளதொளவென்றாகும். ஆதலால், தேயாத பக்கத்துத் துண்டோடு ஒப்பிட்டு அளவைத் திருத்துகிறார்.

பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்து அச்சொல் அமைந்த முறையை மாணவர் அறிகின்றனர். அதுபோல, இருக்கையைப் பிரிப்பவர் முன்பு அதனைத் தைத்தவரின் முறையை அறிகிறார். இறுதியில் இட்ட தையல் முதலில் பிரிகிறது. முதலில் இட்ட தையல் இறுதியில் பிரிகிறது. இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் புதிதாகத் தைக்கும் முறை கிடைத்துவிடும்.

சேர்த்தல்

சட்டத்தின் துரு நீக்கப்பட்டு வண்ணம் பூசப்படும். முறிந்த விற்கள் மாற்றப்பட்டுப் புதிய சாக்கு கட்டப்படும். அதன்மேல் மெத்தை இடப்படும். கடைகளில் நுரைப்பஞ்சு 32, 40 முதலிய அடர்த்தி எண்களால் குறிக்கப்படுகிறது. ஒரு கனமீட்டர் நுரைப்பஞ்சின் எடை எத்தனை கிலோகிராம் என்பதையே இவ்வெண் சுட்டுகிறது. அடர்த்தி வேறு, கடினம் வேறு. மென்மையான நுரைப்பஞ்சும் அடர்த்தி மிக்கதாக இருந்தால் நெடுநாள் உழைக்கும்.

துணியில் நெருக்கமான தையல் உறுதி தரும். ரெக்சினிலோ நெருங்கிய ஊசித்துளைகள் அஞ்சல்தலையின் ஓரத்துளைகளைப் போலாகி, அவ்விடத்திலேயே கிழிய வழிசெய்யும். ஆகவே, தடித்த நைலான் நூலால் அங்குலத்திற்கு 6 அல்லது 7 தையல்கள் இடுவதே ஏற்றது.

தைத்த உறை சிறிதுநேரம் வெயிலில் இடப்படும். வெப்பத்தால் இளகிய உறையை இழுத்துப் பொருத்துவது எளிது. உறையின் நடுக்குறியைச் சட்டத்தின் நடுக்குறியோடு இணைத்து, நடுவிலிருந்து இருபுறமும் பிணைத்துச் செல்ல வேண்டும். ஓர் ஓரத்தில் தொடங்கினால் சுருக்கங்கள் யாவும் மறு ஓரத்தில் சேர்ந்துவிடும்.

கைவழி அறிவு

இன்றைய ஊர்திகளில் அச்சில் வார்த்த நுரைப்பஞ்சு இருக்கைகளே மிகுதி. அவற்றுக்கான உறைகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அதனால், வில் கட்டவும் அளவுப்படி எடுக்கவும் அறிந்தோரின் தேவை குறைந்து வருகிறது. இத்தொழிலைப் பெரும்பாலோர் மூத்த தொழிலாளியின் அருகிலிருந்து கண்டும் செய்துமே கற்றனர். கைவழி வந்த அறிவு, கற்பார் இல்லையெனில் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும். ஒரு பழைய இருக்கை சீராகும்போது, அவ்வறிவும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும் வாய்ப்பைப் பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

‘ரெக்சின்’ என்பது இங்கிலாந்தில் உருவான செயற்கைத் தோல்துணி ஒன்றின் வணிகப்பெயர். பின்னர் அதுவே அவ்வகைத் துணிகளுக்குப் பொதுப்பெயராய் வழங்கலாயிற்று. இன்று நாம் ரெக்சின் என்பது பெரும்பாலும் பிவிசி பூசிய துணியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பழுதுநீக்கும் தொழில் செய்வோர் ஒருவரைச் சந்தித்து, அத்தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
2. ‘பழுதின் காரணம் அறியாமல் செய்யும் திருத்தம் நிலைக்காது’ என்னும் கருத்தை ஒட்டி வகுப்பில் கலந்துரையாடுக.