ஈம் கிராமத்துப் பதிவேடும் என் மகளின் ஹோம்வொர்க்கும்

மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையும் ஹோம்வொர்க். அவளுடைய வெள்ளைக்காரத் தோழி 1700-கள் வரை போய்விட்டாளாம். "நம்மகிட்ட மட்டும் ஏன்ப்பா மூணு வரிசையோட நின்னுடுச்சு?" என்று கேட்டாள். டேட்டாபேஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் சொந்தக் குடும்பத்து டேட்டா கையில் இல்லை.

தோழிக்கு உதவியது சர்ச் பதிவேடு. 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவு அது. ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர் எல்லைக்குள், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். புது வரி போடத்தான் இந்தக் கணக்கு என்று ஜனங்கள் அப்போது பயந்தார்களாம். (நம்ம ஊராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்!) பண்ணையாருக்கு ஒரு வரி, கூலிக்காரனுக்கும் ஒரு வரி.

அந்த ஒரு வரிக்கு என்ன கனம் என்று டார்பிஷயரில் உள்ள ஈம் கிராமத்தில்தான் புரிந்தது. ஷெஃபீல்டிலிருந்து காரில் பக்கம்தான். 1665-ல் லண்டனிலிருந்து அங்கே ஒரு தையல்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்தது. அதோடு பிளேக்கும் வந்தது என்பார்கள். முதலில் போனவர் தையல்காரரின் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ். அடுத்த ஜூனில், பாதிரியார் வில்லியம் மொம்பசனும் அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் பேச, ஊர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் எல்லையில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போக, இவர்கள் வினிகரில் போட்ட காசை வைத்தார்கள். 1666 நவம்பரில் நோய் ஓய்ந்தபோது பதிவேட்டில் சுமார் 260 பிளேக் சாவுகள்.

மொம்பசனை எல்லோரும் தியாகி என்கிறார்கள். தன் இரண்டு பிள்ளைகளை மட்டும் முன்பே யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார், அதையும் சொல்லணும். நானும் அதைத்தான் செய்திருப்பேன். கூடவே தங்கிய மனைவி கேத்தரின் அந்த ஆகஸ்டில் இறந்துபோனார்.

ஊருக்கு வெளியே மேட்டில் ஹான்காக் குடும்பத்துக் கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே புதைத்தார். தொற்றுக்குப் பயந்து யாரும் கிட்டே வரவில்லை. காலில் துணியைக் கட்டி அவரே இழுத்து வந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். மகள் ஏழு கற்களையும் எண்ணினாள். "அந்த அம்மா எங்கேப்பா?" என்றாள். அவர் பிழைத்துவிட்டார், ஊரை விட்டுப் போய்விட்டார் என்றேன். காருக்குத் திரும்பும் வரை அவள் பேசவே இல்லை.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். "அப்பா, உங்க அப்பத்தாவோட பேரு என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எல்லாரும் வடக்கு வீட்டு ஆத்தான்னுதான் தம்பி கூப்பிடுவாங்க. பேரு... இரு, பெரியத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன்."

பெரியத்தைக்கு எண்பத்தாறு வயசு. அவங்களுக்கும் தெரியவில்லை. மகள் அந்தக் கட்டத்தில் 'வடக்கு வீட்டு ஆத்தா' என்று தமிழிலேயே எழுதினாள். 'ஆ' எப்படிப் போடுவது என்று மட்டும் என்னைக் கேட்டாள்.