கோவாவின் அர்ச். அகுஸ்தீன் மடமும் கோயிலும்

பழைய கோவாவின் குன்றொன்றில் நிற்கும் ஒற்றைச் செந்நிறக் கோபுரம் ஒரு முகப்பின் எச்சமே என்பது காண்போர் பலர்க்குத் தோன்றாது. 1572-இல் அங்கு வந்த அகுஸ்தீனியத் துறவியர் 1597 முதல் 1602 வரை எழுப்பிய தேவாலயத்தின் மணிக்கோபுரம் அது. உயரம் ஏறக்குறைய 46 மீட்டர். அருகே அவர்தம் பெருமடம் இருந்தது.

கட்டியது செம்புரைக்கல்லால். வெட்டுங்கால் மெதுவாயிருந்து காற்றுப்பட இறுகும் இக்கல், கொங்கண மழையை நெடுங்காலம் பொறாது. ஆதலின் சுண்ணச்சாந்து பூசிக் காத்தல் வேண்டும். காப்பார் உள்ளளவும் கட்டடம் நின்றது. 1835-இல் போர்த்துக்கேய அரசு துறவற சபைகளைக் கலைத்தது, மடம் வெறிச்சோடியது. 1842-இல் வளைவுக்கூரை வீழ்ந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சாய்ந்தன. காலத்தின்மேற் பழிசுமத்துவோர் இவ்வாண்டுகளைச் சற்றே நோக்குக என்போம் யாம்.

மணி மட்டும் பிழைத்தது. 1871 முதல் பஞ்சிம் நகர அமலோற்பவ மாதா கோயிலில் அது தொங்குகின்றது.

1624-இல் பாரசீகத்தில் விசுவாசத்திற்காக உயிர்நீத்த ஜார்ஜிய அரசி கேத்தவானின் எலும்புகளை இத்துறவியர் கொணர்ந்து மடத்தில் வைத்தனர். 2005-இல் இடிபாடுகளிடையே கிடைத்த எலும்பை ஐதராபாத்து அறிஞர் மரபணு வழியே ஆராய்ந்து, அவருடையதாகலாம் என்றனர். 2021-இல் அதன் ஒரு பகுதி ஜார்ஜியாவுக்கு அளிக்கப்பெற்றது.