வீட்டை விற்றாச்சு… வாசல் நாய் எங்கே போகும்?

ஒரகடம் கூட்டு ரோடு. ராத்திரி ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பும் நேரம்.

பஸ் வெளிச்சத்தில் ரோட்டோரம் நாலைந்து நாய்கள் கண்ணை மினுக்கிக்கொண்டு நிற்கும். உற்றுப் பாருங்கள். அதில் ஒன்றிரண்டின் கழுத்தில் பழைய பெல்ட் இருக்கும்!

பெல்ட் போட்ட நாய் தெருவில் பிறந்த நாய் அல்ல. யாரோ ஒருவர் வீட்டில் சோறு தின்று, பேர் வைத்துக் கூப்பிடப்பட்டு வளர்ந்தது. வீடு கைமாறியது. வீட்டுக்காரர் லாரி பிடித்து சாமான் ஏற்றினார். நாய் லாரி பின்னால் கொஞ்ச தூரம் ஓடியது. அவ்வளவுதான்.

வீடு விற்பது என்றால் பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று ஆயிரம் அலைச்சல். நாய், பூனை, மாடு பற்றி யாருக்கும் நினைப்பு வருவதில்லை. கடைசி நாளில்தான் "ஐயையோ, இதை என்ன பண்றது?" என்று கையைப் பிசைகிறார்கள். முன்னாடியே யோசித்திருந்தால் நாயும் பிழைத்திருக்கும், வீட்டுக்கும் நல்ல விலை கிடைத்திருக்கும்.

எப்படி வந்தது இந்த நிலை?

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-ல் கார் வெளியே வந்தது. அதிலிருந்து இந்தப் பக்கத்து மண்ணுக்கு ராஜயோகம்தான். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. (2014-ல் அது மூடிவிட்டது, அது தனிக் கதை.) 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான். 2012-ல் டைம்லர் லாரி தொழிற்சாலை. 2013-ல் ராயல் என்பீல்டு. அப்புறம் வல்லம்-வடகால், பிள்ளைப்பாக்கம் என்று 'சிப்காட்' நீண்டுகொண்டே போனது.

வண்டலூர்-வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள்கோவில்-ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த ஊர். அங்கே ஓட்டு வீடும், பின்னால் மாட்டுக்கொட்டிலும், முன்னால் ஒரு நாயுமாக வாழ்ந்த குடும்பம் இன்று வீட்டை விற்கிறது. மகன் தாம்பரம் பக்கம் அடுக்குமாடியில் இருப்பான், அங்கே போகிறார்கள். அல்லது விற்ற பணத்தில் உள்ளே தள்ளி உத்திரமேரூர் பக்கம் நிலம் வாங்குகிறார்கள்.

வாங்க வருகிறவர் யார்? பெரும்பாலும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆள். இல்லாவிட்டால் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட நினைக்கும் பட்டணத்து ஆசாமி. இரண்டு பேருக்கும் நாய் முடி, பூனை நாற்றம், சாணி வாடை என்றால் முகம் சுளிக்கும்.

மூக்கு பழகிப்போச்சு!

பத்து வருஷம் நாய் வளர்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. மூக்கு பழகிப்போயிருக்கும். புதிதாக வருகிறவர் வாசல்படி தாண்டியதுமே, "என்னங்க, ஒரு மாதிரி ஸ்மெல் வருதே?" என்பார். தரகர் வழிவார். அங்கேயே விலை இறங்கிவிடும்.

பிராணி வளர்க்காத பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லுங்கள். அவர் மூக்கைப் பிடிக்கும் இடத்தில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். வேலை அங்கேதான்.

சிலர் நேராக பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். வெயில் காலத்தில் பிரச்சினை தெரியாது. ஐப்பசி மழையில் சுவர் ஈரம் குடித்ததும் பழைய நாற்றம் திரும்ப வரும்! பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமில உப்பு சாதாரணத் தண்ணீரில் கரையாது. காய்ந்து சிமெண்டுத் தரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் பட்டால் மறுபடி மணக்கும். எனவே முதலில் கழுவ வேண்டும். பிறகு வெயிலும் காற்றும் பட வேண்டும். மறுபடி கழுவ வேண்டும். இந்த உப்பை உடைக்கும் என்சைம் திரவம் பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கிறது. ஊற்றி ஊற விட வேண்டும். கையில் காசு இல்லையா? சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி வைத்துப் பெருக்குங்கள். முழுதாகப் போகாது, குறையும்.

ஒரு எச்சரிக்கை. மூத்திரம் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். மூத்திரத்தில் உள்ள அமோனியாவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் கண்ணை எரித்து மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். பினாயிலும் பூனைக்கு ஆகாது. தரையில் நடந்த காலை நக்கும். பினாயில் வயிற்றுக்குள் போய்விடும். வாடை தெரியாமல் இருக்க அலமாரியில் போடும் பாச்சை உருண்டையை நாய் கவ்வித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

சுவர் வெடிப்பில் ஒளியும் உண்ணி

வீட்டைப் பார்க்க வந்தவர் வெள்ளைச் சுவரில் உண்ணி ஏறுவதைப் பார்த்துவிட்டால் தொலைந்தது! அட்வான்சு கொடுக்க எடுத்த கை திரும்பப் பைக்குள் போய்விடும்.

உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை. ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தீனி இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். வீட்டை ரெண்டு மாதம் பூட்டி வைத்தாலும் சாகாது. வாங்குகிறவர் குழந்தை குட்டியோடு குடிவந்த பிறகு வெளியே வந்தால், உங்களுக்குத் தினமும் போனில் அர்ச்சனைதான்.

நாய்க்கு மருந்து போடும் அதே நாளில் வீட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் வீண். வெடிப்புகளை சிமெண்டு வைத்துப் பூச வேண்டும். கால்நடை டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் பூசாதீர்கள். நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகள் பூனைக்கு விஷம்!

கதவில் நகக் கீறல் இருந்தால் பட்டி பார்த்து வார்னிஷ் அடிக்கலாம். தோட்டத்தில் தோண்டிய குழியை மண் போட்டு மூடலாம். இதெல்லாம் அரை நாள் வேலை.

ஆனால் இன்னொரு குழி உண்டு. செத்துப்போன பழைய நாயை முருங்கை மரத்தடியில் புதைத்திருப்பீர்கள். வாங்குகிறவர் அஸ்திவாரம் தோண்டும்போது எலும்பு கிளம்பினால் ஊரே கூடும். போலீசுக்குக் கூடத் தகவல் போகும். இடத்தைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்வதால் யாரும் வீட்டை வேண்டாம் என்று ஓடிவிட மாட்டார்கள்.

கடித்தால் கம்பி எண்ணலாம்

தரகர் ஆள் கூட்டி வரும் நேரத்தில் நாயைக் கட்டி மட்டும் வைத்தால் போதாது. கட்டிப்போட்ட நாய்க்கு அந்நிய ஆளைக் கண்டால் ஆத்திரம் அதிகம். சங்கிலி அறுந்தால் நேரே ஆளின் கெண்டைக்காலில்தான் பாயும்.

நாயை முறையாகக் காபந்து செய்யாமல் விட்டு அது மனிதனைக் கடித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு வாங்க வந்தவர் உங்கள் பேரில் புகார் கொடுக்கும் நிலை தேவையா?

ஆள் வரும் நேரத்தைத் தரகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் வீட்டுப் பையன் நாயைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை பக்கம் போய் வரட்டும். சோற்றுத் தட்டும் சங்கிலியும் கண்ணில் படாமல் இருக்கட்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட அட்டையை மட்டும் பத்திரத்தோடு வையுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் வளர்ப்பதே குற்றம். வீடு பார்க்க வருகிற பத்துப் பேரில் ஒருவர் போன் போட்டால், வனத்துறை ஆள் வாசலில் நிற்பார். அதுவரை காத்திருக்காமல் நீங்களே வனத்துறையில் ஒப்படைத்துவிடுவது நல்லது.

சாணி நாறுதாம், பசு மட்டும் வேணுமாம்!

மாட்டுக்கொட்டில் உள்ள வீட்டைப் பார்த்து, "கொசு வருமே, நாத்தம் அடிக்குமே" என்று விலையைக் குறைப்பார் பட்டணத்து ஆசாமி. அதே ஆள் கிரகப்பிரவேசத்தன்று பசுவும் கன்றும் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி, வாடகை கொடுத்து வீட்டுக்குள் ஓட்டி வருவார்! பசு போட்ட சாணியை அன்று மட்டும் 'லட்சுமி கடாட்சம்' என்பார்.

மாடு வைத்திருப்பவர் முதலில் குப்பைக்குழியைக் காலி செய்து எருவை விற்றுவிட வேண்டும். கொட்டில் தரையைக் கழுவி சுண்ணாம்பு தெளித்தால் ஈ குறையும். மாட்டை விற்றால் காதில் உள்ள 12 இலக்க எண் பட்டையை அறுக்காமல், புதிய ஆள் பேருக்குப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். நிறைமாத சினைமாட்டை வண்டியில் ஏற்றாதீர்கள். கன்று போட்ட பிறகு கொண்டுபோகலாம் என்று வாங்குகிறவரிடம் தவணை கேளுங்கள். நல்ல மனுஷர் மறுக்க மாட்டார்.

தானாக விற்பவர் கதை இது. சர்க்கார் எடுக்கும் வீட்டுக்கு? பரந்தூர் விமான நிலையத்துக்கான இடம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடி வருகிறார்கள். இப்படி நிலம் எடுக்கப்படும்போது என்ன தர வேண்டும் என்பதற்கு 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. குடிபெயரும் குடும்பத்துக்கு ஆட்கள், சாமான், கால்நடைகளைக் கொண்டுபோக ரூ.50 ஆயிரம். மாடு உள்ள குடும்பத்துக்குக் கொட்டில் கட்டக் குறைந்தது ரூ.25 ஆயிரம். மாட்டைப் பற்றி யோசித்த சட்டம் நாயைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சொந்தமாக எழுதும் கிரயப் பத்திரம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று மண்ணுக்குள் புதையல் வரை எழுதுவார் பத்திர எழுத்தர். வாசலில் படுத்திருக்கும் மணிக்கு அதில் இடம் இல்லை.

அபராதம் வெறும் 50 ரூபாய்!

நாயை அனாதையாக விட்டுப் போவது குற்றமா? ஆம், குற்றம்தான். பட்டினியால் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவில் வருகிறது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் குறைந்தது ரூ.10, அதிகபட்சம் ரூ.50. ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் ஆகும் செலவு! யார் பயப்படுவார்கள்? விஷம் வைத்துக் கொன்றால் கதை வேறு. 5 வருஷம் வரை ஜெயில்.

"அடுக்குமாடியில நாய் விட மாட்டாங்க சார்" என்பது பலர் சொல்லும் சாக்கு. விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி முறையில், குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டில் தீர்மானம் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் தடை போட முடியாது. (இந்த வாரியம் 1962-ல் ருக்மணி தேவி அருண்டேல் தலைமையில் அமைந்தது. வெகுகாலம் திருவான்மியூரில் இருந்தது; 2018-ல் அரியானாவுக்குப் போய்விட்டது.) ஆனால் வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் உள்ளதுதான் செல்லும். கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாயைக் கூட்டிப்போகவே முடியாது என்றால், அட்வான்சு வாங்கிய அன்றே வேறு வீடு தேட ஆரம்பியுங்கள். பதிவுக்கு ரெண்டு மூன்று மாதம் தவணை இருக்கும், அது போதும். காவலுக்கு நாய் தேடும் தோப்புக்காரர், கோழிப்பண்ணைக்காரர் இந்தப் பக்கம் நிறைய உண்டு. கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய் என்றால் வேண்டாம் என்பவர் குறைவு. வாங்குகிறவரே "நாய் இருக்கட்டுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றால் சந்தோஷம்தான். ஆனால் பேரம் படியட்டும் என்பதற்காகச் சொன்ன வார்த்தையா என்று ஒரு வாரம் கவனியுங்கள். பதிவுக்கு முன்பே அவர் கையால் நாய்க்கு நாலு நாள் சோறு வைக்கட்டும்.

புது இடத்துக்குக் கொண்டுபோன நாயை முதல் ரெண்டு வாரம் தனியே வெளியே விடாதீர்கள். பழைய வீட்டைத் தேடி ஓடும். வழியில் பெங்களூர் நெடுஞ்சாலை. ராத்திரி பகல் கண்டெய்னர் லாரி. கழுத்து பெல்ட்டில் உங்கள் போன் நம்பரை எழுதிக் கட்டுங்கள். படுத்த பழைய சாக்கைத் துவைக்காமல் கூடவே கொண்டுபோங்கள். அந்த வாசனை இருந்தால் சீக்கிரம் அடங்கும். பழைய வீட்டை வாங்கியவரிடமும் நம்பர் இருக்கட்டும். "நாய் திரும்பி வந்தா அடிச்சிடாதீங்க, ஒரு போன் போடுங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சாவி கொடுக்கும்போதே சொல்லி வையுங்கள்.