ஒஸாகாப் பெண்ணும் எங்கள் வீட்டு அரவமும்

நம் சங்க மலரில் நான் இதுவரை எழுதியதெல்லாம் ரயில் சமாசாரம். பாகாலா ஜங்ஷன், மீட்டர் கேஜ் காலம், மழையில் ஜல்லி அரித்துப்போன இரவு என்று வாசக அன்பர்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். இம்முறை ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பற்றி எழுத உத்தேசம். "மனிதருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரணம் இருக்கிறது.

என் இளைய மகனுக்குக் காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு மாற்றலாயிற்று. ஜூன் மாதம் பேத்தியை இங்கே எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். முதல் நாள் "ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். காட்பாடி என்றிருக்கிறாள். அன்று மதியத்துக்குள் வகுப்பு முழுவதற்கும் அவள் பெயர் 'அரவம்'. தெலுங்கில் தமிழுக்கு அரவம் என்று பெயர் என்பது இங்கே வாழும் நமக்குப் புதிதல்ல. அருவா நாடு என்ற பழைய பெயரிலிருந்து வந்தது என்று அறிஞர் சிலர் சொல்வார்கள். வசைச் சொல் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எல்லாம் சொல்கிற தொனியில் இருக்கிறது. (தெலுங்குக்காரர்களைக் கேலி செய்ய நம்மவர்களிடமும் ஒரு சொல் உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை.) வேடிக்கை என்னவென்றால், தமிழில் அரவம் என்றால் சத்தம். எங்கள் பேத்தியோ கேட்டால்தான் பதில் சொல்லும் ரகம். "ரஜினி டயலாக் சொல்லு" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வாள்? அவள் பார்த்த ரஜினி படமே இரண்டோ மூன்றோ. ஜூலை முடிவதற்குள் காலை வேளையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை.

மகன் பள்ளிக்குப் போய்ப் பேசுவதாகக் கிளம்பினான். நான்தான் தடுத்தேன். நான் பாதைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கேங்மேன்கள் என்னை 'அரவ இன்ஸ்பெக்டர்' என்றுதான் தங்களுக்குள் சொல்வார்கள். அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. "பட்டப்பெயர்தானே, பழகிவிடும்" என்றேன். நான் பிறந்து வளர்ந்தது சித்தூர். 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. ஆனாலும் கடைத்தெருவில் இரண்டு பாஷையும் புழங்கும் ஊர், எனக்கு இரண்டும் சின்ன வயதிலேயே வந்துவிட்டன. போதாததற்குப் பெயருக்குப் பின்னால் 'இன்ஸ்பெக்டர்' வேறு. இதெல்லாம் அந்தக் குழந்தைக்கு இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருக்கும் மூத்த மகன் விடுமுறைக்கு வந்தான். வரும்போது தன் பழைய வட்டுத் தொகுப்பு ஒன்றைத் தம்பி மகளுக்கென்று கொண்டுவந்தான். தொடரின் பெயர் 'அஸுமங்கா டாயோ'. ஜப்பானியர் தயாரிக்கும் கார்ட்டூன் படங்களுக்கு அனிமே என்று பெயர். நம் ஊருக்கு அது அந்நியமில்லை. இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் எடுத்த இராமாயணக் கார்ட்டூனை 2025 ஜனவரியில் தமிழிலும் தெலுங்கிலும் திரையிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியப் படம் இரண்டு மொழிகளிலும் வந்தது. ஆனால் அவற்றிலெல்லாம் வாள், அம்பு, அரக்கர் உண்டு. இந்தத் தொடரில் சண்டையே கிடையாது. கதை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆறு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் படிக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் நாள் பார்த்தபோது "எப்போது ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். "ஆரம்பிச்சு அரை மணி ஆச்சு தாத்தா" என்றாள்.

இதை வரைந்தவர் கியோஹிகோ அஸுமா. அவர் பெயரோடு மங்கா, அதாவது படக்கதை, என்ற சொல்லைச் சேர்த்து, வெளியான பத்திரிகையின் பெயரிலிருந்த 'டாயோ'வையும் ஒட்டிவைத்தால் தலைப்பு வந்துவிடும். 1999 முதல் 2002 வரை நாலு கட்டப் படக்கதையாக வந்தது. ஜப்பானில் இந்த நாலு கட்டம் பழைய சம்பிரதாயம். முதல் கட்டத்தில் விஷயத்தைத் தொடங்கு, இரண்டாவதில் கொஞ்சம் நகர்த்து, மூன்றாவதில் திருப்பு, நாலாவதில் முடி. ஓர் உதாரணம். விடுமுறைக்கு ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார்கள். தூங்குமூஞ்சி டீச்சரை எழுப்ப வேண்டும். வாணலியைத் தட்டி எழுப்பலாம் என்று ஒரு பெண் நினைக்கிறாள். சமையலறையிலிருந்து ஏதோ ஞாபகத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் நிற்கிறாள். டீச்சர் கண் விழிக்கிறார். சொல்லும்போது ஒன்றுமில்லை. பார்த்தபோது எனக்குக் காபி புரையேறிவிட்டது.

2002 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஜே.சி. ஸ்டாஃப் நிறுவனம் இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. இயக்கியவர் ஹிரோஷி நிஷிகியோரி. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஐந்து நிமிடத் துண்டு, வாரக் கடைசியில் ஐந்தையும் கோர்த்து ஒரு பாகம். 26 வாரம், 130 துண்டு. நாலு கட்டத்தை இழுத்து நீட்டாமல் காட்ட இது நல்ல ஏற்பாடு என்று என் கணக்கு மூளைக்குப் பட்டது.

அந்தப் பெண்களைச் சொல்ல வேண்டும். சியோ பத்து வயதுக் குழந்தை. அபார மூளை என்பதால் நேரே மேல்நிலை வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். தன்னைவிட ஐந்து வயது பெரியவர்கள் நடுவே இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருக்கிறாள். விளையாட்டு விழாவில் தன்னால் வகுப்பு தோற்றுவிடுமோ என்று அவளுக்குக் கவலை. ஸகாகி நெடிய பெண், பேசமாட்டாள், எல்லோரும் அவளைக் கண்டு ஒதுங்குவார்கள். அவள் மனசிலோ பூனைக்குட்டி, நாய்க்குட்டி தவிர வேறொன்றுமில்லை. தெருப்பூனையைத் தடவக் கை நீட்டுவாள், அது ஒவ்வொரு முறையும் கடிக்கும். டோமோ வாயாடி. யோமி அவளுடைய சிறுவயதுத் தோழி, அதனாலேயே பொறுமை இழந்தவள். ககுரா நீச்சல்காரி, இரண்டாம் வருடம்தான் இந்த வகுப்புக்கு வருகிறாள். ஆறாவது பெண் இடையில் மாற்றலாகி வருகிறவள். ஊர் ஒஸாகா.

இங்கே ஒரு ரயில் விஷயம், மன்னிக்கவும். டோக்கியோவுக்கும் ஒஸாகாவுக்கும் 515 கிலோமீட்டர். 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஷின்கான்சென் ரயில் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே ஓடத் தொடங்கியது. இப்போது இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் வந்த பிறகும் ஒஸாகாக்காரர் என்றால் டோக்கியோவில் தனிப் பார்வைதான். அவர்கள் பேச்சு வேறு, சத்தமாகப் பேசுவார்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள் என்று ஒரு எண்ணம். நகைச்சுவை நடிகர்கள் பலர் அந்த ஊர்க்காரர்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே புதுப் பெண் வந்ததும் வகுப்பே ஆவலாகப் பார்க்கிறது. அவளோ மெதுவாகப் பேசுகிறவள், பாதி நேரம் கனவில் இருக்கிறவள். சியோவின் சடையைப் பற்றி விசித்திரக் கனவெல்லாம் காண்பாள். ஆனாலும் டோமோ அவளுக்கு 'ஒஸாகா' என்று பெயர் வைத்துவிடுகிறாள். பெயர் ஒட்டிக்கொள்கிறது.

ஆங்கில ஒலி சேர்த்தவர்கள் இவளுக்கு அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சைக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பேச்சை மொழிபெயர்ப்பது கஷ்டம். தமிழில் செய்தால் நெல்லைப் பேச்சைக் கொடுக்கலாமா, கோவைப் பேச்சைக் கொடுக்கலாமா என்று நானும் மருமகளும் ஒரு சாயங்காலம் முழுவதும் வாதாடினோம். நாங்கள் பார்ப்பது ஜப்பானிய ஒலியில், கீழே ஆங்கில எழுத்தோடு.

பத்துப் பன்னிரண்டு பாகம் ஆகியிருக்கும். ஒஸாகா ஏதோ அசட்டுத்தனம் செய்ய, நான் சிரித்துக்கொண்டே, "பார், இவளுக்கும் ஊர்ப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இவள் கவலைப்படுகிறாளா?" என்றேன். உபதேசம் செய்ய நல்ல சந்தர்ப்பம் என்று நினைப்பு. பேத்தி படத்தை நிறுத்தினாள்.

"அவ பேரு என்ன தாத்தா?"

"ஒஸாகா."

"நிஜப் பேரு?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. முதலில் சொன்னார்கள், கேட்டேன், மறந்துவிட்டேன். "அயுமு கசுகா" என்றாள் அவள். மேலே ஒன்றும் சொல்லவில்லை, படத்தை ஓடவிட்டாள். மறுநாள் காலை மகனிடம், நீ பள்ளிக்குப் போய்ப் பேசிவிட்டு வா என்றேன். வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகப் பேத்தி சொல்லிவிட்டாள். நான் முதலில் தடுத்திராவிட்டால் ஜூலையிலேயே முடிந்திருக்கும் என்று மருமகள் சொல்கிறாள். இருக்கலாம்.

இந்தத் தொடரில் யாரும் யாரையும் திருத்துவதில்லை. ஸகாகி கடைசிவரை வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டாள். டோமோ அடங்கமாட்டாள். நட்பைப் பற்றி ஒரு பிரசங்கமும் கிடையாது. ஒரே அறை, ஒரே மணி, ஒரே பரீட்சை. டோமோ, ககுரா, ஒஸாகா மூவரும் மக்குக் கூட்டணி அமைத்துக்கொள்ள, பத்து வயதுச் சியோ அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். மதியம் சோறு, மழை, ஒக்கினாவாவுக்குப் பள்ளிச் சுற்றுலா. இப்படியே கூட இருந்து கூட இருந்து ஒட்டிவிடுகிறார்கள். இதற்குப் பிறகு 'லக்கி ஸ்டார்' 2007இல், 'கே-ஆன்' 2009இல் என்று இதே வழியில் பல தொடர்கள் வந்தன. மகன் சொல்லித்தான் தெரியும்.

ஒரு குறை சொல்லியே தீர வேண்டும். ஆசிரியர் ஒருவர் மாணவிகளை அசட்டுப் பார்வை பார்ப்பதை வேடிக்கை என்று காட்டுகிறார்கள். எனக்கு அது துளியும் வேடிக்கையாக இல்லை. பேத்திக்கும் பிடிக்கவில்லை. டீச்சர்கள் குடித்துவிட்டு உளறும் காட்சிகளும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது. கூட உட்காருங்கள்.

தசரா விடுமுறையில் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டு வாங்க வீட்டுக்கு வந்தாள். 'அரவம்' என்று உரக்கக் கூப்பிடுகிறவர்களில் இவள் முதல் ஆள் என்று பின்னால் தெரிந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. நின்றபடி பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள், பிறகு ஆங்கில எழுத்தை உரக்கத் தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கத்திக் காட்சியை மூன்று முறை போடச் சொன்னாள். அந்தப் பெண்ணை ஏன் ஒஸாகா என்கிறார்கள் என்று தெலுங்கில் கேட்டாள். "நன்னு அரவம் அன்னட்டு" என்றாள் பேத்தி. என்னை அரவம் என்பது போல. அடுத்த அறையில் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த எனக்குத் திக்கென்றது. சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்தவள், "அவ பேரு என்ன?" என்று கேட்டாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறாள். இன்னொரு பெண்ணையும் அழைத்து வருகிறாள். அரவம் என்ற பெயர் வகுப்பில் முற்றிலும் போய்விடவில்லை. இவர்கள் இருவருக்குள்ளும் சண்டை நாளில் மட்டும் அது திரும்ப வருகிறது, பேத்தியும் பதிலுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்ல மறுக்கிறாள். வயிற்றுவலி நின்று இரண்டு மாதமாகிறது.

கடைசி வட்டை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று மருமகள் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். நான் பார்த்துவிட்டேன். சியோ மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள். ஸகாகிக்குக் கடிக்காத பூனைக்குட்டி ஒன்று கிடைக்கிறது. ஒஸாகாவுக்கு, மன்னிக்கவும், அயுமுவுக்கு, பள்ளி ஆசிரியை ஆக வேண்டுமென்று ஆசை. பேத்தியிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.