விழித்திருக்க ஒரு மாத்திரை

பொதுத்தேர்வும் நீட்டும் நெருங்கும்போது விடுதிப் பிள்ளைகளைச் சபலப்படுத்தக்கூடிய ஒரு கேள்வி: தூக்கம் வராமல் படிக்க மாத்திரை இருக்கிறதாமே?

இருக்கிறது. மோடாஃபினில், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழும் நார்கோலெப்சி நோயாளிகளுக்கான மருந்து. மெத்தில்ஃபெனிடேட், ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. இரண்டுமே மூளையில் டோபமின் எனும் வேதிப்பொருள் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுத்து அதன் அளவைக் கூட்டுகின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் இரண்டையும் விற்கக் கூடாது. மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது.

நோயில்லாத மாணவர் இவற்றைப் போட்டுக்கொள்வது காப்பியடிப்பதற்குச் சமமா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2011-இல் ஆம் என்று விதியே எழுதியது. அதற்கு முன்பு கேட்க வேண்டியது, மாத்திரை சொன்னதைச் செய்கிறதா என்பது.

2023-இல் வெளியான மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 40 பேருக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். குறிப்பிட்ட எடை மட்டுமே தாங்கும் ஒரு பை. எடையும் விலையும் வெவ்வேறான பொருள்கள். மொத்த மதிப்பு உச்சத்துக்கு வரும்படி பையை நிரப்ப வேண்டும். இத்தகைய மாத்திரை போட்ட நாளில் அவர்கள் கூடுதல் நேரம் மல்லுக்கட்டினார்கள். எடுப்பதும் வைப்பதுமாக நிறைய முறை மாற்றினார்கள். ஆனால் அந்த மாற்றங்களில் யோசனை குறைந்து, கைக்கு வந்ததை எடுத்துப் போடுவது கூடியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட நாளில் சராசரிக்கு மேல் இருந்தவர்களில் பலர், மருந்து சாப்பிட்ட நாளில் சராசரிக்குக் கீழே போனார்கள்.

இரவு பத்து மணிக்கு விழுங்கிய மோடாஃபினிலில் ஏறக்குறைய பாதி, மறுநாள் காலைத் தேர்வறையிலும் உடம்பில் இருக்கும். பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாகப் பதித்துக்கொள்வது பெரும்பாலும் உறக்கத்தில்தான். அந்த உறக்கத்தைத்தான் மாத்திரை பறிக்கிறது.

சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உள்ளே என்ன, எவ்வளவு என்று பதில் சொல்ல ஆளில்லாத சரக்கு என்ன செய்யும் என்பதைக் கள்ளக்குறிச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த விஷமும் இந்த மாத்திரையும் ஒன்றல்ல. அப்படிச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது நேர்மையாகாது. இல்லாமல் போகிற காவல் மட்டும் ஒன்றுதான். இதயத் துடிப்பில் கோளாறு உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, மனச்சோர்வு இருக்கிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டு, அதன்பின் அளவை முடிவு செய்பவர் மருத்துவர். சீட்டு இல்லாவிட்டால் இத்தனை கேள்விகளும் கேட்கப்படாமலே போகின்றன.

எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் போட்டி சமமாகிவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைக்கு வந்து பார்க்க வேண்டும். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் விடுபட்ட மலை இது. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள், பல லட்சம் கட்டிப் பயிற்சி மையத்தில் படித்தவர்களோடு ஒரே தேர்வை எழுதுகிறார்கள். மலைமக்களின் வாழ்க்கை நிலை, சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மோசமாக இருந்தது. சாலையும் ஆசிரியரும் கேட்டு நிற்கும் ஊருக்கு மாத்திரையைச் சமத்துவம் என்று நீட்டுவது அநியாயம்.

ஒருவன் போட்டால் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் போட்டே தீரவேண்டும் என்று தோன்றும். அதனால் இதை அவரவர் விருப்பம் என்று விடவும் முடியாது. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சீட்டுக் கேட்காமல் அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் மருந்துக்கடையும், நள்ளிரவு வரை உட்காரவைத்து விடியுமுன் எழுப்பும் விடுதியும் முதலில் பதில் சொல்லட்டும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்து மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பதுபோல அது அவனுக்கு உரிய உதவி. ஐந்து நிமிடம்கூட ஓரிடத்தில் உட்கார முடியாமல், ‘சோம்பேறி’, ‘மக்கு’ என்று அடி வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் குறைபாடு இருக்கலாம். கள்ளக்குறிச்சிக்கு 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெற்றோர் அங்கே மனநல மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துப் போகலாம். அவ்வளவு தூரம் இறங்கிவர முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.